சிலிக்கான் பேட்டரி ஏன் இன்னும் வரவில்லை?

கேள்வி: கிராஃபைட்டைவிட சிலிக்கான் பத்து மடங்கு லித்தியத்தைப் பிடித்துவைக்கும் என்கிறார்கள். அப்படியென்றால் என் மின்சார ஸ்கூட்டர் ஒரு சார்ஜில் 1,000 கிலோமீட்டர் ஓட வேண்டாமா? ஏன் இன்னும் கிராஃபைட்டையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள்?
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: பத்து மடங்கு என்பது உண்மைதான். ஒரு கிராம் கிராஃபைட் அதிகபட்சம் 372 மில்லி ஆம்பியர் மணி தாங்கும், சிலிக்கான் சுமார் 3,600. ஆறு கார்பன் அணு சேர்ந்து ஒரே ஒரு லித்தியத்துக்குத்தான் இடம் தரும். நான்கு சிலிக்கானோடு பதினைந்து லித்தியம் வரை சேரும்.

ஆனால் இதெல்லாம் ஆனோடு, அதாவது பேட்டரியின் மைனஸ் பக்கத்துக் கணக்கு. எதிரே ப்ளஸ் பக்கத்தில் கேத்தோடு இருக்கிறதே, நல்ல கேத்தோடே கிராமுக்கு 200-ஐ ஒட்டித்தான் தரும். 1 ஆம்பியர் மணிக்கு 5 கிராம் கேத்தோடும் 2.7 கிராம் கிராஃபைட்டும் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த 2.7-ஐ சிலிக்கான் 0.3 ஆக்கிவிடும், சரி, 5 கிராம் அசையவே அசையாது. மொத்தம் 7.7 கிராம் 5.3 ஆகிறது. நல்ல லாபம்தான், பத்து மடங்கு இல்லை.

அப்புறம் வீக்கம். முழுதாக லித்தியம் ஏறினால் சிலிக்கான் கிட்டத்தட்ட நான்கு மடங்கு பருமனாகும், இறங்கினால் சுருங்கும். கிராஃபைட் பத்து சதவீதம்தான் உப்பும். துகள் விரிசல்விடுவதைக்கூட நானோ அளவுக்குப் பொடித்துச் சமாளித்துவிடலாம். என்னைக் கேட்டால் பெரிய தலைவலி மேலே படியும் படலம். முதல் சார்ஜிலேயே எலக்ட்ரோலைட், அதாவது இரண்டு பக்கத்துக்கும் நடுவே லித்தியத்தைக் கடத்தும் திரவம், கொஞ்சம் சிதைந்து ஆனோடின்மேல் தோல்போலப் படியும்; கிராஃபைட்டில் அது ஒருமுறை படிந்தால் பெரும்பாலும் நின்றுவிடும், அதுவே காவலும்கூட. சிலிக்கான் ஊதும் ஒவ்வொரு முறையும் அந்தத் தோல் கிழிகிறது, புது இடம் வெளியே தெரிகிறது, அங்கே மறுபடி படிகிறது, படியும்போதெல்லாம் கொஞ்சம் லித்தியத்தையும் தின்றுவிடுகிறது. துகளை நானோவாக்கினால் பரப்பு கூடுகிறது, அதனால் படலமும் கூடுகிறது!

ஒரு சார்ஜுக்கு 0.1 சதவீத லித்தியம் வீணானால் என்ன போச்சு என்று தோன்றும். 500 சார்ஜ் முடிவில் 60 சதவீதம்தான் மிஞ்சும். 'புது ஆனோடு கண்டுபிடிப்பு' என்று செய்தி வந்தால் எத்தனை மடங்கு என்பதை விட்டுவிட்டு, இந்த இழப்பு எவ்வளவு என்று பாருங்கள்.

இப்போதைக்கு கிராஃபைட்டோடு கொஞ்சம் சிலிக்கான் ஆக்சைடு கலந்து சில கார்களில் ஓட்டுகிறார்கள். அது கூடிக்கொண்டே போகும் என்றுதான் நான் நம்புகிறேன். கிராஃபைட்டும் ஒரு காலத்தில் இப்படித் திணறியதுதான். 1991-ல் சோனி விற்ற முதல் லித்தியம் அயன் பேட்டரியிலேயே கிராஃபைட் கிடையாது, கோக் என்ற வேறு கார்பன்தான். அன்று எலக்ட்ரோலைட்டில் புழங்கிய புரோப்பிலீன் கார்பனேட் என்ற திரவம் கிராஃபைட்டை ஏடு ஏடாக உரித்துவிடும். எத்திலீன் கார்பனேட் என்ற வேறொன்றுக்கு மாறியதும் பிரச்சினை தீர்ந்தது. கிராஃபைட் அதேதான், மாறியது அதைச் சுற்றியிருந்த திரவம். சிலிக்கானுக்கும் அந்தத் திரவத்தில்தான் இப்போது மும்முரமாக வேலை நடக்கிறது.