புயல் வருகிறது, ரத்து மெயிலை அனுப்பலாமா?

கேள்வி (சுருக்கப்பட்டது): வக்கீல் சார், நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். மூன்று குடும்பங்கள் சேர்ந்து வட கரோலினாவின் அவுட்டர் பேங்க்ஸ் தீவுத்தொடரில், நாக்ஸ் ஹெட் கடற்கரையில் ஒரு வீட்டை வரும் சனிக்கிழமையிலிருந்து ஏழு இரவுகளுக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறோம். வரி எல்லாம் சேர்த்து 5,600 டாலர் முழுதாகக் கட்டியாகிவிட்டது. அக்ரிமென்டில் கையெழுத்து என்னுடையது, கார்டும் என்னுடையது. இப்போது ஒரு ஹரிக்கேன் அந்தப் பக்கம் திரும்பலாம் என்கிறார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனாருக்கு 74 வயது. மனைவி போகவே கூடாது என்கிறாள். சகலை “ஒன்றும் ஆகாது, கிளம்பு” என்கிறார். ஏஜென்சியில் பேசிய பெண் “புயலுக்கெல்லாம் பணம் திரும்பி வராது” என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். ரத்து செய்கிறோம் என்று ஒரு மெயில் எழுதி வைத்திருக்கிறேன், இத்துடன் இணைத்திருக்கிறேன். அதை அனுப்பிவிட்டு கார்டு கம்பெனியில் புகார் செய்யலாமா? கேஸ் போடலாமா? இன்சூரன்ஸ் எடுக்கவில்லை. புக் செய்யும்போது வேண்டாம் என்று டிக் பண்ணிவிட்டேன்.

பதில்:

மெயிலை அனுப்பாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நீங்கள் எழுதியது நான்கு பக்கம். அதில் சட்டத்துக்கு வேண்டியது கடைசி வரி மட்டும்தான், அதைத்தான் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஏஜென்சிப் பெண் மரியாதையில்லாமல் பேசியது, சகலையின் வீராப்பு, வீட்டுக்காரர் போனை எடுக்காதது, இவை எதற்கும் ஒரு சென்ட் மதிப்பில்லை. அந்தப் பெண் சொன்னதும் முக்கால்வாசி சரிதான். தொனிதான் சரியில்லை, அதற்குக் கோர்ட்டில் பரிகாரம் கிடையாது.

வட கரோலினாவில் இந்த மாதிரிக் குறுகிய கால விடுமுறை வாடகைக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது, 42ஏ அத்தியாயம். அதில் 36-வது பிரிவு சொல்வது இது: வீடு இருக்கும் பகுதிக்கு அரசு கட்டாய வெளியேற்ற உத்தரவு போட்டால், வாடகைக்கு எடுத்தவர் அதற்குக் கீழ்ப்படிந்து வெளியேற வேண்டும். அப்படி வெளியேறினால், உத்தரவால் தங்க முடியாமல் போன ஒவ்வொரு இரவுக்கும் வாடகை, வரி எல்லாம் கணக்கிட்டு வீட்டுக்காரர் திருப்பித் தர வேண்டும். உங்களுக்கு ஒரு இரவு 800 டாலர். புதன்கிழமை உத்தரவு வந்தால் புதன், வியாழன், வெள்ளி, மூன்று இரவுக்கு 2,400.

படிக்க நன்றாக இருக்கிறது, இல்லையா? அதே பிரிவிலேயே அடுத்து விதிவிலக்கு வருகிறது. கட்டாய வெளியேற்றத்துக்கு ஈடு தரும் இன்சூரன்ஸை வீட்டுக்காரரோ ஏஜென்ட்டோ முன்கூட்டியே கொடுக்க முன்வந்து, நீங்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால், திரும்பக் கேட்கும் உரிமை போய்விட்டது. வாங்கியிருந்தாலும் வீட்டுக்காரரிடம் கேட்க முடியாது, ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும். ஆக, உத்தரவே வந்தாலும் உங்கள் டிக் உங்களுக்கு எதிரே வந்து நிற்கும். அந்த இன்சூரன்ஸின் விலை மொத்தக் கட்டணத்தில் 8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. உங்கள் கணக்குக்கு அதிகபட்சம் 448 டாலர். அதை மிச்சம் பிடித்துத்தான் இங்கே வந்து நிற்கிறீர்கள்.

சரி, இங்கே ஒரு சின்னச் சந்து இருக்கிறது. டிக் போட்ட அந்தப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். 448-க்கு மேல் விலை சொல்லியிருந்தார்களா? அந்தப் பாலிசி கட்டாய வெளியேற்றத்துக்கு ஈடு தருகிறதா, அல்லது உடம்பு சரியில்லாமல் பயணம் நின்றால் மட்டும் தருகிற வகையா? அந்த மாநில இன்சூரன்ஸ் துறை அனுமதித்த கம்பெனியா? இதில் எது பிசகியிருந்தாலும், “சட்டம் சொல்கிற இன்சூரன்ஸ் எனக்குக் காட்டப்படவே இல்லை” என்று வாதாடலாம். பிசகவில்லை என்றால் 36-வது பிரிவை மறந்துவிடுங்கள்.

இப்போது மெயிலுக்கு வருகிறேன். உங்கள் வரைவின் முதல் வரி: “புயல் காரணமாக எங்கள் முன்பதிவை ரத்து செய்கிறோம், முழுத் தொகையையும் திருப்பி அனுப்பவும்.” என்னிடம் வருகிறவர்களில் பலர் இந்த வரியை அனுப்பிவிட்டுத்தான் வருகிறார்கள். இதை அனுப்பிய நிமிடத்தில் நீங்கள் புயலால் பாதிக்கப்பட்டவர் இல்லை, தானாக விலகிய வாடகைதாரர். அக்ரிமென்டில் ரத்து என்று ஒரு பத்தி கட்டாயம் இருக்கும். பெரும்பாலும், வீடு வேறு யாருக்காவது போனால்தான் பணம் என்று இருக்கும். புயல் வருகிற வாரத்தில் யார் எடுப்பார்கள்? அந்தப் பத்திக்குள் நீங்களே நடந்து போய் உட்கார்ந்துவிடுகிறீர்கள்.

ஒரு கட்சிக்காரர் இப்படித்தான். வியாழன் இரவு டிவி பார்த்துப் பயந்து ரத்து மெயில் அனுப்பிவிட்டார். ஞாயிறு காலை அவருடைய தெருவுக்கும் சேர்த்துக் கட்டாய உத்தரவு வந்தது. பக்கத்து வீட்டில் தங்கியிருந்தவர்களுக்கு ஆறு இரவுக்குப் பணம் வந்தது. இவருக்கு ஏஜென்சியிலிருந்து இரண்டே வரிப் பதில், கூடவே அவர் அனுப்பிய மெயிலின் நகல். உத்தரவு வந்தபோது அவர் கையில் வாடகை ஒப்பந்தமே இல்லை. அப்புறம் நான் என்ன எழுதி என்ன பயன்?

அங்கே போகாமல் இருப்பது வேறு, ரத்து செய்வது வேறு. உங்கள் மனைவி சொல்வதுபோல் சனிக்கிழமை கிளம்ப வேண்டாம், அது உங்கள் இஷ்டம். ஆனால் எழுத்தில் எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள். அடுத்த சனிக்கிழமை காலை வரை அந்த வீடு உங்களுடையது. இடையில் உத்தரவு வந்தால், நீங்கள் அங்கே இல்லையே என்று அவர்கள் ஒரு வாதம் வைக்கலாம். அதோடு மல்லுக்கட்ட முடியும். ரத்து மெயிலோடு முடியாது.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு, டிக்குக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அதே சட்டத்தின் 17-வது பிரிவின்படி, நீங்கள் உள்ளே போக வேண்டிய நேரத்தில் வீடு குடியிருக்கத் தகுந்த நிலையில் இல்லாமல், அதற்கு இணையான வேறு வீட்டையும் தர முடியாவிட்டால், கட்டிய அத்தனையும் திருப்பித் தர வேண்டும். கூரை போனது, வீட்டுக்குள் கடல்தண்ணீர் வந்தது போன்ற நிலைமைக்கு இது. சனிக்கிழமைக்குள் புயல் வந்து போய்விட்டால் உங்களுக்கு உண்மையில் உதவக்கூடியது இந்தப் பிரிவுதான். ரத்து செய்தால் அதுவும் போச்சு.

உத்தரவு என்றால் எது உத்தரவு என்பதிலும் ஆட்கள் நிறைய ஏமாறுகிறார்கள். கவர்னர் அவசரநிலை அறிவிப்பது வெளியேற்ற உத்தரவு ஆகாது. “விரும்புகிறவர்கள் வெளியேறலாம்” என்பதும் ஆகாது. தேசிய ஹரிக்கேன் மையம் போடுகிற கூம்புப் படத்துக்குள் நாக்ஸ் ஹெட் வந்துவிட்டது என்று ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருக்கிறீர்கள். அந்தக் கூம்பு புயலின் மையம் போகக்கூடிய பாதையைத்தான் காட்டுகிறது, அதுவும் மூன்றில் இரண்டு தடவைதான் மையம் அதற்குள் நிற்கும். கோர்ட்டுக்கு அது வெறும் படம். வேண்டியது கட்டாயம் என்று சொல்கிற உத்தரவு, அதுவும் உங்கள் வீடு இருக்கும் பகுதியைக் குறிப்பிட்டு.

2025 ஆகஸ்டில் எரின் புயல் வந்தபோது நடந்ததைப் பாருங்கள். டேர் கவுன்டி (கவுன்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) தெற்கே இருக்கிற ஹேட்டராஸ் தீவுக்குக் கட்டாய உத்தரவு போட்டது. ஹைட் கவுன்டி அதற்கடுத்த ஓக்ரகோக் தீவுக்குப் போட்டது. அதே டேர் கவுன்டியில்தான் நாக்ஸ் ஹெட்டும் இருக்கிறது, அந்த வடக்குக் கரைக்கு உத்தரவு இல்லை. கரைக்கு வராமலே கடலோடு போன புயல் அது. அலை 12-ஆம் எண் சாலை மேல் ஏறியது, கடலில் இறங்க முடியாது. ஆனாலும் நாக்ஸ் ஹெட்டில் வீடு எடுத்தவர்களுக்குச் சட்டப்படி அது சாதாரண வாரம். உங்கள் வீடும் அந்த வடக்குக் கரையில்தான்.

கார்டு கம்பெனிப் புகாரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வாங்கிய சேவை கிடைக்கவில்லை என்றால்தான் அந்தப் புகார் நிற்கும். இங்கே வீடு திறந்திருக்கிறது, சாவி தயாராக இருக்கிறது, போகாதது நீங்கள். ஏஜென்சி அக்ரிமென்டையும் உங்கள் டிக்கையும் கார்டு கம்பெனிக்கு அனுப்பும். தற்காலிகமாக வந்த பணத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். அதைவிட மோசம், புகார் போன பிறகு ஏஜென்சி உங்களோடு பேசுவதை நிறுத்திவிடும். பேச்சுதான் உங்களிடம் மிச்சமிருக்கிற ஒரே ஆயுதம். பயண இன்சூரன்ஸை இன்றிரவு வாங்கிவிடலாமா என்றும் யோசிப்பீர்கள். புயலுக்குப் பெயர் வைத்தாகிவிட்டால், அதற்குப் பிறகு வாங்குகிற பாலிசி அந்தப் புயலுக்குப் பணம் தராது. எரிகிற வீட்டுக்குக் காப்பீடு எடுக்கிற கதை.

கேஸ்? தொகை 10,000 டாலருக்குள் இருப்பதால் அங்கே ஸ்மால் கிளெய்ம்ஸில், அதாவது சிறு தொகை வழக்குகளுக்கான கோர்ட்டில் போடலாம். எதிராளி இருக்கும் கவுன்டியில் போட வேண்டும், அதாவது டேர் கவுன்டியின் தலைமையிடமான மேன்டியோ வரை ஏழெட்டு மணி நேரம் காரோட்டிப் போய் மேஜிஸ்ட்ரேட் முன்னால் நிற்க வேண்டும். அவர் முதலில் கேட்கப்போவது டிக் போட்ட பக்கத்தை. போகாதீர்கள்.

சகலை வழியில் போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உத்தரவு வந்த பிறகும் தங்கினால், மேலே சொன்ன உரிமைக்கு அடிப்படையே போய்விடும், ஏனென்றால் கீழ்ப்படிந்தவருக்குத்தான் பணம். உத்தரவை மீறுவது அந்த மாநிலத்தில் குற்றம். எச்சரிக்கையை வேண்டுமென்றே அலட்சியம் செய்து பிறகு மீட்கப்பட்டால், மீட்புச் செலவை உங்களிடமே கேட்கவும் அங்கே சட்டம் இருக்கிறது. நாக்ஸ் ஹெட்டிலிருந்து கரைக்கு வர வடக்கே ஒரு வழி, மேற்கே ஒரு வழி, இரண்டிலும் பாலங்கள்தான். 74 வயது மாமனாரை வைத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்பதா என்பதை 5,600 டாலர் போய்விட்டது என்று வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். பணத்துக்காகப் போகிற ஆள் பணத்துக்காகவே தங்கியும் விடுவார். அப்படி ஒருவரை நான் பார்த்திருக்கிறேன், நான்கு நாள் கரண்ட் இல்லாமல் இருந்தார்.

இன்னொன்று, கையெழுத்து உங்களுடையது மட்டும். மற்ற இரண்டு குடும்பமும் நாளைக்கு “நீதானே போக வேண்டாம் என்றாய், எங்கள் பங்கைக் கொடு” என்றால், ஏஜென்சிக்கு அது சம்பந்தமில்லாத விஷயம். அவர்களிடம் இன்றைக்கே வாட்ஸ்அப்பிலாவது ஒரு வரி வாங்குங்கள்: எவ்வளவு திரும்பி வந்தாலும் மூன்றாகப் பிரித்துக்கொள்கிறோம், வராததும் மூன்று பேருக்கும்தான் என்று. புயல் சண்டையைவிட இந்தச் சண்டைதான் என் மேஜைக்கு அதிகம் வருகிறது, அதிலும் உறவு என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆக, சமரசம் செய்யுங்கள். இன்றைக்கே. புயல் இன்னும் தூரத்தில் இருக்கும்போதுதான் அவர்களுக்கும் பயம் இருக்கும். நீங்கள் முன்கூட்டிக் கட்டியதில் வாடகையில் பாதிக்கு மேல் நீங்கள் குடியேறும் முன் வீட்டுக்காரர் கையில் கொடுக்கக்கூடாது, மீதி டிரஸ்ட் அக்கவுண்டில், அதாவது யாரும் தொடாமல் தனியாக வைக்கிற கணக்கில் கிடக்க வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். 17-வது பிரிவின்படி மொத்தத்தையும் திருப்பித் தர வேண்டிவரலாம் என்பது அவர்களுக்கும் தெரியும். சனிக்கிழமை புயல் விலகிப் போய்விட்டால் இந்தப் பேரத்துக்கு உயிர் இல்லை.

ரத்து என்ற சொல்லே இல்லாமல் எழுதுங்கள்: “எங்கள் முன்பதிவு அப்படியே தொடர்கிறது. வயதானவர் உடன் வருவதால், இதே தொகைக்கு அக்டோபர் கடைசியிலோ வரும் வசந்தத்திலோ ஒரு வாரத்துக்கு மாற்றித் தர முடியுமா? உங்கள் பதில் வரும்வரை எங்கள் உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.” கோபம் வேண்டாம், அந்தப் பெண்ணைப் பற்றிய புகாரும் வேண்டாம், நாளைக்குப் பதில் எழுதப்போவதே அவராக இருக்கலாம். முழு வாரம் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு இரவு தருகிறேன் என்றாலும் வாங்கிக்கொள்ளுங்கள். சுத்தம் செய்கிற கட்டணம் மட்டும் பிடிப்போம் என்றால் தலையாட்டிவிடுங்கள். எதுவாக இருந்தாலும் புதுத் தேதி எழுத்தில் வந்த பிறகுதான் பழைய வாரத்தை விட வேண்டும், ஒரு நிமிடம் முன்னால்கூட வேண்டாம்.

புதுத் தேதி அக்டோபரில் அமைந்தால் அதுவும் புயல் பருவம்தான், நவம்பர் 30 வரை. பழைய டிக் புது வாரத்துக்கும் செல்லும் என்று சொல்லப் பார்ப்பார்கள். இன்சூரன்ஸைப் புதிதாகக் கேட்டு வாங்குங்கள், 448 டாலரில் உங்கள் பங்கு 150 கூட ஆகாது.