குழாயில் வாடை வருவது ஏன்?

கேள்வி: காரைக்குடியில் எங்கள் வீதியில் தண்ணீர் விட்டதும் முதல் பத்து நிமிடம் சாக்கடை வாடை அடிக்கிறது, பிறகு தெளிந்துவிடுகிறது. ஏன்?

பதில்: தண்ணீரை நிறுத்தியதும் குழாயில் அழுத்தம் இறங்கிவிடும். வடிகாலை ஒட்டிப் போகும் குழாயில் துளி ஓட்டை இருந்தாலும் போதும், அழுக்கு உள்ளே கசியும். மறுபடி தண்ணீர் விட்டதும் அதுதான் முதலில் வெளியே வரும், பிறகு தெளியும். நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினால் இன்னும் மோசம். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

பக்கத்து வீடுகளில் விசாரியுங்கள். உங்களுக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் பழுது உங்கள் இணைப்பில்தான். வரிசையாக நாலு வீடு என்றால் வீதிக்கே தண்ணீர் கொண்டுவரும் பகிர்மானக் குழாயில். மாநகராட்சி மனுவில் இணைப்பு எண், தண்ணீர் விடும் நேரம், குழாய் வடிகாலைக் கடக்கும் இடம் மூன்றையும் எழுதுங்கள். குளோரின் சோதனையும் கேளுங்கள்: உங்கள் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும். வாடை இருக்கும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.