ஜூலையில் கிராண்ட் கேன்யன்: ஆறு வரை வேண்டாம்

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில், விளிம்பிலிருந்து அடி வரை இறங்கும் பிரைட் ஏஞ்சல் பாதையில் ஒரே நாளில் கொலராடோ ஆறு வரை போய்த் திரும்ப ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சிக்கல் தண்ணீரில் இல்லை. மலை என்றால் முதலில் ஏற்றம், களைத்தால் திரும்பிவிடலாம். இங்கே தலைகீழ்: காலைக் குளுமையில் சுகமாக இறங்குவீர்கள், உச்சி வெயிலில் 1,300 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். விளிம்பில் 28 டிகிரி என்றால் அடியில் 40 தாண்டும். ஏற இரு மடங்கு நேரம் பிடிக்கும்.

காற்று உலர்ந்தது, வியர்வை உடனே காய்வதால் எவ்வளவு இழக்கிறோம் என்றே தெரியாது. அதற்காக வெறும் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தாலும் ஆபத்துதான்: ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். உப்புக் கடலை, முறுக்கு ஏதாவது கொறித்துக்கொண்டே குடியுங்கள். குழாய் உள்ள இடங்களில் சட்டையை நனைத்துப் போடுங்கள்; பருத்திச் சட்டைக்கு ஏற்ற இடம் இது.

விடியுமுன் 4:30க்குக் கிளம்பி, மூன்று மைல் இறங்கினால் வரும் ஓய்விடத்தோடு திரும்புங்கள். 10 மணிக்குள் மேலே வந்துவிட வேண்டும். செம்பாறையில் முதல் வெயில் படுவதையும் விடியுமுன் கிளம்பினால்தான் பார்க்க முடியும். குழாய் ஓடுகிறதா என்று முந்தின நாளே பூங்கா அலுவலகத்தில் கேளுங்கள், அடிக்கடி உடையும்.