பெயர்ப்பலகை இல்லாத சபை

இலங்கை மலையகத்தின் டிக்கோயாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “நாங்கள் மூன்று தலைமுறையாக மெதடிஸ்ட். அண்ணன் இப்போது கீழ்க்கணக்கில் (தோட்டத்தின் கீழ்ப்பிரிவு) ஒரு லயத்துக் காம்பராவில் (தொழிலாளர் வரிசைவீட்டு அறை) கூடுகிறவர்களிடம் போகிறார். அவர்கள் பெயர்ப்பலகை வைப்பதில்லை. ‘ஒரு ஊருக்கு ஒரே சபை, மெதடிஸ்ட் என்ற பெயரே பிரிவினை’ என்கிறார்கள். இது சரியா? அண்ணனுக்கு அடுத்த வருடம் கல்யாணம் வேறு.”

சகோதரி, இது உங்கள் லயத்தில் முளைத்த போதனை அல்ல. 1930களில் சீனாவில் வாட்ச்மன் நீ என்ற சபைப் போதகர் சொல்லிவந்தது. மேல்நாட்டு மிஷன்கள் தத்தம் பெயரில் சபை நட்டதையே அவர் பிரிவினையாகக் கண்டார். ஆதாரமும் காட்டினார்: பவுல் ‘கொரிந்துவிலுள்ள சபைக்கு’ என்றுதான் எழுதுகிறார், பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலில் ஏழு பட்டணங்களுக்கு ஏழு சபைகள். படித்தால் மறுக்கத் தோன்றாது.

ஆனால் அவருடைய நெருங்கிய நண்பர், லண்டனைச் சேர்ந்த ஆஸ்டின் ஸ்பார்க்ஸே இதை ஏற்கவில்லை. வாட்ச்மன் நீ சிறையில் இருந்த காலத்தில், 1955லும் 1957லும் ஸ்பார்க்ஸ் தைவானுக்குப் போனார். வாட்ச்மன் நீயின் உடன் ஊழியர் விட்னஸ் லீதான் அழைத்திருந்தார். இரண்டாவது பயணத்தில் இந்த விஷயத்தில்தான் இருவருக்கும் முறுகியது. ஒருமைப்பாடு கிறிஸ்துவின் ஜீவனில் இருக்கிறது, ஊர் எல்லையில் இல்லை என்பது ஸ்பார்க்ஸின் கட்சி.

நானும் ஸ்பார்க்ஸ் பக்கம்தான். ஊர் என்பது எது, சொல்லுங்கள். உங்களுக்குத் தபால் வருவது டிக்கோயாவுக்கு, சாமான் வாங்குவது ஹட்டனில், வேலை மேல்கணக்கில். அம்பகமுவ பிரதேச சபை என்ற உள்ளூராட்சி சபையைப் பிரித்து நோர்வூட், மஸ்கெலியா என்று புதுச் சபைகள் வந்தபோது கிறிஸ்துவின் சபையும் சேர்ந்து பிரிந்ததா என்ன! ரோமில்கூட ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் கூடினவர்களைப் பவுல் சபை என்றே வாழ்த்துகிறார்.

இன்னொன்று. 1 கொரிந்தியர் 1:12ஐ அண்ணனோடு உட்கார்ந்து வாசியுங்கள். ‘நான் பவுலைச் சேர்ந்தவன், அப்பொல்லோவைச் சேர்ந்தவன்’ என்கிறவர்களோடு, ‘நான் கிறிஸ்துவைச் சேர்ந்தவன்’ என்கிறவர்களையும் பவுல் அதே வரிசையில்தான் நிறுத்துகிறார். எங்களுக்குப் பெயரே இல்லை என்று சொல்லித் தனியாக நிற்பதும் ஒரு கட்சிதான். அதற்காக நம்மவர்கள் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. ஒரே தோட்டத்து மரண வீட்டில் யார் ஜெபிப்பது என்று இரண்டு போதகர்கள் வாசலில் முறைத்துக்கொண்டு நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, என்ன செய்வது? அண்ணனை மறிக்காதீர்கள். ஒருநாள் நீங்களும் கூடப் போய், ‘நான் மெதடிஸ்டாகவே இருந்துகொண்டு உங்களோடு அப்பம் பிட்கலாமா?’ என்று மட்டும் கேளுங்கள். ஆம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. முதலில் விலகி வா, மறுபடி ஞானஸ்நானம் எடு என்றால், அவர்கள் சொல்லும் ஒரே சபைக்குள் நீங்கள் இல்லை என்று அர்த்தம்.

கல்யாணத்துக்கு வருவோம். விவாகத்துக்கெனப் பதிவான ஆலயத்தில் போதகரே சட்டப்படி நடத்திவைக்கலாம். காம்பராவில் நடந்தால் அது ஜெபம் மட்டுமே, விவாகப் பதிவாளர் முன்னால் தனியாக எழுத வேண்டும். அதனால் மெதடிஸ்ட் அங்கத்துவத்தை விடும் கடிதத்தை அண்ணன் இப்போதைக்கு எழுத வேண்டாம்.