மண்ணுக்குள் இருக்கும் செடி – கடிதம்

அன்புள்ள அக்கா,

புல்வெளிச் செடிகளைப் பற்றி நீங்கள் எழுதுவதையெல்லாம் தொடர்ந்து வாசிக்கிறேன். நேபர்வில்லில் வீடு வாங்கிக் குடிவந்ததும் இந்த மண்ணுக்கு உரிய பூச்செடி ஏதாவது வைக்கவேண்டும் என்று பட்டர்ஃப்ளை வீட் என்ற மில்க்வீட் வகைச் செடியை வாங்கினேன். அந்த ஆரஞ்சு நிறம் கண்ணை விட்டுப் போகவே இல்லை. முதல் செடிக்கு உரம், தினமும் தண்ணீர் எல்லாம் கொடுத்தும் ஒரே குளிர்காலத்தில் போய்விட்டது. அடுத்ததை வேறு இடத்தில் வைத்தேன். கோடையில் தண்டு முழுக்க மஞ்சள் பூச்சி மொய்த்தது. ஊரில் அம்மா செய்வது போல வேப்பெண்ணெய் அடித்தேன். இந்த மே மாதம் சுற்றியிருந்த செடியெல்லாம் தழைத்த பிறகும் இது மட்டும் வரவில்லை. செத்துவிட்டது என்று தோண்டினால் கேரட் போல ஒரு கிழங்கு வந்தது. பாதியில் ஒடிந்துவிட்டது, உள்ளே வெள்ளையாக இருந்தது. இந்தச் செடி எனக்குச் சரிவராதா? கடையில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கிற இன்னொரு மில்க்வீட் இருக்கிறது. அது சுலபம் என்கிறார்கள். அதை வைக்கட்டுமா?

க.
நேபர்வில், இல்லினாய்

அன்புள்ள க.,

நீங்கள் தோண்டியபோது அந்தக் கிழங்கு உயிரோடுதான் இருந்திருக்கும். அழுகியிருந்தால் பழுப்பேறி, கை பட்டதும் கொழகொழவென்று போயிருக்கும். வசந்தத்தில் கடைசியாக எழுந்திருக்கும் செடிகளில் பட்டர்ஃப்ளை வீட் ஒன்று. உங்கள் பக்கத்தில் மே மாதம் பாதி தாண்டியும் தரைக்கு மேல் ஒன்றும் தெரியாமல் இருக்கும். அதனால்தான் இதை வளர்ப்பவர்கள் குளிர்காலத்துக்கு முன்பே பக்கத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வைப்பார்கள். நான் காய்ந்த தண்டுகளை வெட்டாமல் விட்டுவிடுவேன், அதுவே அடையாளம். ஒடிந்த வேரின் மிச்சம் மண்ணுக்குள் இருக்கும் இல்லையா? அந்த இடத்தை யாரும் கிளறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேர்த்துண்டு வைத்தும் இந்தச் செடியை வளர்ப்பதுண்டு. துளிர்க்க வாய்ப்பு இருக்கிறது.

இந்தச் செடியின் பெரும்பகுதி மண்ணுக்குள்தான் இருக்கிறது. அது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். புல்வெளியில் மேலே இருக்கிற எதற்கும் உத்தரவாதம் கிடையாது. காட்டெருமை மேயும், கோடை வறட்சி காய்ச்சும், மின்னலும் பூர்வகுடிகளும் வைத்த தீ எரித்துவிட்டுப் போகும். குளிர்காலம் மிச்சத்தை முடித்துவிடும். அங்கே வாழ்கிற செடி தன் சேமிப்பைக் கீழே வைத்துக்கொள்ளும். இல்லினாயில் ஒருகாலத்தில் சுமார் 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் புல்வெளி இருந்தது. அந்த வேர்கள் ஆயிரக்கணக்கான வருடங்களாக வளர்ந்து மக்கி உண்டாக்கியதுதான் இன்றைக்குச் சோளம் விளைகிற கறுப்பு மண். 1837இல் இதே மாநிலத்தில் கிராண்ட் டீட்டூர் என்ற ஊரில் ஜான் டியர் என்ற கொல்லர் எஃகு ஏர் செய்தார். மண் ஒட்டாமல் உழ முடிந்ததும் புல்வெளி வேகமாக மறைந்தது. இன்றைக்கு நல்ல நிலையில் மிஞ்சியிருப்பது பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அதுவும் பழைய கல்லறைத் தோட்டங்களிலும் ரயில் பாதை ஓரங்களிலும்தான், ஏனென்றால் அங்கேதான் ஏர் போகவில்லை. இதை நினைக்காமல் என்னால் இந்தப் பூவைப் பார்க்க முடிவதில்லை.

சரி, உங்கள் முதல் செடிக்கு வருகிறேன். புதிதாக வீடு கட்டும் மனைகளில் பெரும்பாலும் மேல்மண்ணை வழித்து எடுத்துவிடுவார்கள். கனரக வண்டிகள் ஓடி இறுகின களிமண்தான் மிஞ்சும். இந்தச் செடிக்குத் தேவை தண்ணீர் தேங்காத, மணற்பாங்கான, மெலிந்த மண். கோடையில் காய்ந்தால் கவலையே இல்லை, குளிர்காலத்தில் ஈரம் நின்றால் கிழங்கு அழுகிவிடும். நீங்கள் கொடுத்த தண்ணீரும் உரமும் அதற்கு நல்லது செய்யவில்லை. வேர் பிடிக்கும் வரை முதல் கோடையில் வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றுங்கள், அதற்கப்புறம் மழை போதும். உரம் எப்போதுமே வேண்டாம். உரம் போட்டால் தண்டு நீண்டு சாய்ந்துவிடும். நாள் முழுக்க வெயில் விழும் சரிவோ, வண்டிப்பாதை ஓரமோ இருந்தால் அங்கே வையுங்கள். ஒருமுறை வைத்தால் வைத்ததுதான், பிறகு இடம் மாற்றாதீர்கள். உங்கள் வீட்டில் ஈரக் களிமண் தவிர வேறு இடமே இல்லையென்றால் ரோஜா நிறத்தில் பூக்கும் ஸ்வாம்ப் மில்க்வீட் வையுங்கள். அதுவும் இந்த மண்ணுக்கு உரியதுதான், ஈரம் அதற்குப் பிடிக்கும்.

அப்புறம் அந்த மஞ்சள் பூச்சி. அது அசுவினி. ஊரில் எருக்கிலும் அரளியிலும் மொய்க்கும் அதே அசுவினிதான், கறுத்த கால், மஞ்சள் உடம்பு. பட்டர்ஃப்ளை வீட் எருக்கின் குடும்பம். பூவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அந்த உறவு தெரியும். இரண்டிலும் இதழ்களுக்கு நடுவே ஒரு சிறிய மகுடம் உண்டு, மகரந்தம் பொடியாக உதிராது. இரண்டு பொட்டலங்களாகக் கட்டி ஒரு கொக்கியில் மாட்டியிருக்கும். பூவில் உட்காரும் வண்டின் கால் ஓர் இடுக்கில் வழுக்கி விழுந்து, வெளியே இழுக்கும்போது கொக்கி காலில் மாட்டிக்கொண்டு வரும். அடுத்த பூவின் இடுக்கில் அந்தப் பொட்டலம் சரியாக நுழைந்தால்தான் காய். ஒரு கொத்தில் அத்தனை பூ இருந்தும் ஒன்றிரண்டு காய் மட்டும் பிடிப்பது இதனால்தான். பலம் போதாத சின்னப் பூச்சிகள் காலை இழந்துவிடுவதும் உண்டு.

நம் ஊரில் எருக்கிலையில் முட்டையிடும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியும், இங்கே மில்க்வீடில் முட்டையிடும் மோனார்க் பட்டாம்பூச்சியும் ஒரே பேரினம். புழுக்களும் கறுப்பு, மஞ்சள், வெள்ளை வரிகளோடு ஒன்று போலவே இருக்கும். வெந்தய வரியன் புழுவுக்கு மூன்று ஜோடி மெல்லிய கொம்பு, மோனார்க்குக்கு இரண்டு. மோனார்க் புழுவுக்கு மில்க்வீட் தவிர வேறு உணவு கிடையாது. இலையின் அடியில் குண்டூசித் தலை அளவில் தந்த நிறத்தில் தனித்தனியாக ஒட்டியிருக்கும் முட்டையிலிருந்து நான்கைந்து நாளில் புழு வரும். கோடைக் கடைசியில் பிறக்கிற மோனார்க் இங்கிருந்து மெக்சிகோவின் மிச்சோவகான் மலைகளுக்குப் பறந்து போய், அங்கே ஒயாமெல் மரங்களில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. இத்தனை தூரம் போகிற உயிருக்கு உங்கள் தோட்டத்தில் ஒரு வேளைச் சாப்பாடு இருக்கிறது. அதில் வேப்பெண்ணெய் அடித்தால் அசுவினியோடு முட்டையும் புழுவும் சேர்ந்து போய்விடும். அம்மா கத்தரிக்கும் வெண்டைக்கும் அடித்தது நியாயம், அதை நாம் சாப்பிட வளர்த்தோம். இதை வளர்ப்பதே புழு தின்பதற்குத்தான். அசுவினியை விரல்களால் வழித்துவிடுங்கள். மிக அதிகமானால், முதலில் இலைக்கடியில் முட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். பொறிவண்டு வந்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இலையில் ஓட்டை விழுந்தால் சந்தோஷப்படுங்கள்.

கடையில் சொல்லும் சிவப்பும் மஞ்சளுமான மில்க்வீட் மத்திய, தென் அமெரிக்கச் செடி. நம் ஊரிலும் தோட்டங்களிலும் வாய்க்கால் ஓரங்களிலும் அதைப் பார்த்திருப்பீர்கள், அதனால் மனம் அதன் பக்கம் போகிறது. ஃப்ளோரிடா, டெக்சஸ் பக்கம் அது குளிர்காலத்திலும் காயாமல் நிற்பதால் மோனார்க்கைத் தாக்கும் ஓர் ஒட்டுண்ணி அதன் இலைகளில் தங்கிப் பெருகுகிறது. உங்கள் ஊரில் பனி விழுந்ததும் செத்துவிடும் என்பதால் அந்த ஆபத்து குறைவு. ஆனாலும் வருடாவருடம் புதிதாக வாங்கவேண்டிய ஒரு செடியை, இந்த மண்ணிலேயே பல வருடம் வாழக்கூடிய செடியின் இடத்தில் ஏன் வைக்கவேண்டும்? எதை வாங்கினாலும் பூச்சிமருந்து போட்டு வளர்த்ததா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வேர்வழியாக ஏறும் மருந்து இலையில் தங்கி, தின்கிற புழுவைக் கொல்லும்.

விதையில் ஆரம்பித்துப் பார்க்கச் சொல்வேன். தொட்டிச் செடியைவிட அது மண்ணோடு நன்றாக ஒத்துப்போகும். நவம்பரில், தரை உறையும் முன், களை எடுத்த வெற்று மண்ணில் தூவி, மேலாக மண் போட்டு அழுத்திவிடுங்கள். குளிரும் ஈரமும் பட்டால்தான் விதை முளைக்கும், அதைக் குளிர்காலம் செய்துகொள்ளும். இல்லையென்றால் ஈர மணலோடு கலந்து ஒரு பையில் போட்டு ஃப்ரிட்ஜில் ஒன்றிரண்டு மாதம் வைத்து, வசந்தத்தில் ஆழமான தொட்டியில் விதைக்கலாம். காய் முற்றி வெடிக்கும்போது விதைகளோடு பட்டுப் பஞ்சு வரும். இரண்டாம் உலகப் போரின்போது ஜாவாவிலிருந்து இலவம்பஞ்சு வருவது நின்றதும், மிதவைச் சட்டைக்காக இதன் உறவான சாதாரண மில்க்வீடின் காய்களைப் பள்ளிப் பிள்ளைகள் மூட்டை மூட்டையாகப் பொறுக்கினார்கள்.

உங்களுக்குப் பக்கத்தில் லைல் ஊரில் மார்ட்டன் ஆர்போரீடம் என்ற மரத்தோட்டம் இருக்கிறது. அங்கே ஷூலன்பர்க் புல்வெளியை 1962இலிருந்து திரும்ப உருவாக்கி வருகிறார்கள். ஜூலை தொடக்கத்தில் குழந்தைகளோடு போய்ப் பாருங்கள். புல்லுக்கு நடுவே இந்தச் செடி எப்படி நிற்கிறது என்று பார்த்தால், வீட்டிலும் பக்கத்தில் லிட்டில் ப்ளூஸ்டெம் புல்லும் ஊதா கோன்ஃப்ளவரும் வைக்கத் தோன்றும்.

முதல் வருடம் ஒரு சாண் உயரம்கூட வராது, அப்போதும் வேர் கீழே போய்க்கொண்டிருக்கும். முயல் மேயாமல் இரண்டு வருடம் கம்பிவலை போட்டு வையுங்கள். பூக்க இரண்டு, மூன்று கோடை ஆகும். பூத்ததும் எழுதுங்கள், முட்டை கண்ணில் பட்டால் அதையும்.

அன்புடன்,
அக்கா