ஊசியும் மணியும் கொண்டு நச்சுப்பாசி: கைவேலைக் கேள்வி பதில்

கேள்வி: வட அமெரிக்காவின் ஈரி ஏரியில் படரும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நச்சுப்பாசியை எம்ப்ராய்டரி செய்கிறேன். வட்டமாகப் போட்டால் முட்டைக்கோஸ் மாதிரி ஆகிவிடுகிறது.

பதில்: அந்த வட்டம்தான் கெடுக்கிறது. மைக்ரோசிஸ்டிஸ் கூட்டத்துக்கு ஒழுங்கான உருவமே கிடையாது. ஓரம் பிய்ந்து, நடுவில் ஓட்டை விழுந்து இருக்கும். ஆறிழை நூலில் இரண்டிழை பிரித்து, ஊசியில் இரண்டு சுற்றுச் சுற்றி, பிரெஞ்சு முடிச்சாகப் போடுங்கள். நடுவில் நெருக்கம், ஓரத்தில் ஒன்றிரண்டு தள்ளி. செல்லுக்குள் உள்ள காற்றுக் குமிழ்களால் நுண்ணோக்கியில் இது கறுத்துத் தெரியும். அதனால் நாலில் ஒரு முடிச்சு கரும்பழுப்பாக இருக்கட்டும். சுற்றியிருக்கும் கோழைக்கு, 5 மி.மீ. பெரிதாக வெட்டிய வெள்ளை ஆர்கன்ஸாவை மேலே வைத்து ஒற்றை இழையில் தையுங்கள்.

கேள்வி: முடிச்சு துணிக்கு அடியில் போய்விடுகிறது அக்கா.

பதில்: வந்த ஓட்டையிலேயே ஊசியை இறக்குகிறீர்கள். துணியில் இரண்டு இழை தள்ளிக் குத்துங்கள், நூலை இறுக்கிப் பிடித்தபடி. கண் பருத்த ஊசி சுற்றைத் தளர்த்தும். மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமன் உள்ளது வாங்குங்கள்.

கேள்வி: செல்கள் சரமாக நீளும் டோலிகோஸ்பெர்மம் என்ற பாசியை மணியில் கோக்கலாமா?

பதில்: தாராளமாக. தமிழில் மணிக்கும் பாசி என்றே பெயர், செல்லும் மணிபோலத்தான்! 8 மைக்ரான் செல்லுக்கு 2 மி.மீ. பச்சைமணி வைத்தால் 250 மடங்கு. நைட்ரஜனை நிலைநிறுத்தும் ஹெட்டிரோசிஸ்ட் என்ற செல்லுக்கு நிறமற்ற 3 மி.மீ. கண்ணாடி மணி. அவற்றுக்கு நடுவே 15, 22, 18 பச்சைமணி என்று இடைவெளி மாறட்டும். சம இடைவெளி விட்டால் கழுத்துமாலை ஆகிவிடும். நுனியில் மட்டும் வைக்காதீர்கள், அது ரஃபிடியாப்சிஸ் என்ற வேறொரு பாசியின் அடையாளம். அகினீட் என்ற உறங்கும் செல்லுக்கு ஒரு நீள்மணி. சுருள் இனமென்றால் 0.3 மி.மீ. செம்புக் கம்பியில் கோத்து பென்சிலில் சுற்றுங்கள். நைலானில் சுருள் நிற்காது.

கேள்வி: பச்சை மிதக்கும் ஏரித்தண்ணீரையே கொதிக்கவைத்து, துணிக்குச் சாயமாக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பாசியின் நஞ்சான மைக்ரோசிஸ்டின் கொதித்தால் அழியாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் குழாய்த்தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள் என்று சொன்னது இதனால்தான். காய்ந்த படலத்திலும் நஞ்சு இருக்கும், கையால் அள்ளாதீர்கள். அதன் நீல நிறமி வெயிலில் வெளுத்தும் போகும்.

கேள்வி: எல்லாமே பச்சைதானா?

பதில்: இல்லை, பிளாங்க்டோத்ரிக்ஸ் ரூபெசென்ஸ் என்ற இழைப்பாசி செந்நிறம். சுவிட்சர்லாந்தின் முர்டன் ஏரியில் அதைப் ‘பர்கண்டி இரத்தம்’ என்பார்கள். ஹெட்டிரோசிஸ்ட் கிடையாது, ஒயின் நிற ஒற்றை இழையில் நீளமான நேர்த்தையல் போதும். அடர்சிவப்பு நூல் சாயம் விடும், முதலில் குளிர்ந்த நீரில் அலசிக் காயவையுங்கள்.