பல வகைக் கதைகளை ஒரே தொகுப்பில் சேர்க்கலாமா? சேர்த்தும் பிரித்தும் பார்த்தவளின் பதில்

முதல் சிறுகதைத் தொகுப்பில் குடும்பக் கதைகளோடு இரண்டு பேய்க்கதைகளும் ஓர் அறிவியல் புனைகதையும் இருப்பதாகவும், அவற்றை எடுத்துவிட்டால்தான் புத்தகத்துக்கு ஓர் ஒருமை வரும் என்று பதிப்பாளர் சொல்வதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். பல ஆண்டுகள் தனித்தனியாக எழுதிய கதைகளை இப்போதுதான் முதல்முறையாக ஒன்றாக அடுக்கிப் பார்க்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். எனக்கும் இதுவே நேர்ந்தது. பதிப்பாளர் சொன்னபடியே நான் செய்தேன், செய்ததற்காக ஏழு ஆண்டுகள் வருந்தினேன். எடுக்காதீர்கள் என்பதே என் பதில். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

2014இல் என்னிடம் பதின்மூன்று கதைகள் இருந்தன. ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டு, இரவில் பிள்ளைகள் உறங்கிய பிறகு பதினெட்டு ஆண்டுகளில் எழுதியவை அவை. ஆறு குடும்பக் கதைகள், இரண்டு பேய்க்கதைகள், இரண்டு துப்பறியும் கதைகள், ஓர் அறிவியல் புனைகதை, ஒரு புராணக் கதை, ஒரு சரித்திரக் கதை. பதிப்பாளர் நல்ல மனிதர். தம் கைப்பணத்தைப் போட்டு முந்நூறு படிகள் அச்சிட முன்வந்தவரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. கடைக்காரர் எந்த அடுக்கில் வைப்பது என்று தெரியாமல் திணறுவார், விமர்சகர் பொறுப்பாக எடுத்துப் பேசமாட்டார் என்று அவர் சொன்னதில் உண்மையும் இருந்தது. பேய், துப்பறிதல், அறிவியல் ஆகிய ஐந்து கதைகளையும் நீக்கினேன். எட்டுக் கதைகள் தொண்ணூறு பக்கங்களுக்கு மேல் வரவில்லை. எட்டு அச்சுப் படிவம், அதாவது 128 பக்கம் இருந்தால்தான் புத்தகத்தின் முதுகு நிற்கும், விலையும் வைக்கலாம் என்றார். ஆகவே இரண்டு மாதத்தில் மூன்று குடும்பக் கதைகளை அவசரமாக எழுதிச் சேர்த்தேன். அந்த மூன்றையும் இன்று நான் என் கதைகள் என்று ஒப்புக்கொள்வதில்லை.

பிழை எங்கே நேர்ந்தது என்பது புத்தகம் வந்து சில மாதங்கள் கழித்து, பாளையங்கோட்டையில் நடந்த ஒரு சிறிய வாசகர் கூட்டத்தில்தான் எனக்குப் புரிந்தது. இரண்டாவது கதையில் ஓர் அத்தை வருவாள். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன கணவன் திரும்பி வரவில்லை. முப்பது ஆண்டுகளாக அவள் இரவில் புறவாசல் கதவைத் தாழிடுவதில்லை. வீட்டுக்கு வந்த மருமகளுக்கும் அவளுக்கும் இதை முன்னிட்டு மூளும் சண்டைதான் கதை. கூட்டத்துக்கு வந்திருந்த வயதான அம்மா ஒருவர், "கணவன் வருவான் என்றால் தலைவாசலைத் திறந்து வைக்கலாமே, அத்தை ஏன் புறவாசலைத் திறந்து வைக்கிறாள்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல இயலவில்லை, ஏனென்றால் பதில் நான் நீக்கிய பேய்க்கதைகளில் ஒன்றில் இருந்தது. அந்தக் கதையில் அதே வீட்டின் அடுக்களைத் திண்ணையில் படுத்திருக்கும் ஒரு சிறுமி, இரவில் யாரோ புறவாசல் வழியாக வந்து, செம்பில் வைத்திருக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போவதைக் கேட்கிறாள். வெறும் செம்பைக் காலையில் ஒரு சொல்லும் பேசாமல் கழுவிக் கவிழ்த்து வைப்பவள் அத்தை. செத்தவன் தலைவாசல் வழியே வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். கணவன் இறந்துவிட்டான் என்பதும் அவளுக்கு மட்டும் முன்பே தெரியும். இவ்வளவும் குடும்பக் கதைக்குள் எழுத முடியாதது. மருமகளின் கண்ணுக்கு அது பிடிவாதமாக மட்டுமே தெரிய வேண்டும் என்பதற்காகவே அதை இன்னொரு கதையாக, இன்னொரு வகையில் எழுதினேன். நீக்கிய அறிவியல் புனைகதையும் அதே வீட்டைப் பற்றியதுதான்: வீடு விற்கப்பட்டு நெடுங்காலம் கழிந்த பின், சுவரில் தங்கிய பழைய ஒலிகளைப் பிரித்தெடுக்கும் ஒரு கருவி அங்கே கொண்டுவரப்படுகிறது. மூன்றையும் எழுதும்போது நான் வகையைப் பற்றி எண்ணவே இல்லை. அந்தக் கதவின் எல்லாப் பக்கங்களையும் சொல்ல ஒரு வகை போதவில்லை, அவ்வளவுதான்.

தமிழில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. என்னைப் புதுமைப்பித்தனோடு ஒப்பிட்டுக்கொள்வதாக யாரும் கருத வேண்டாம்; ஒரு வாசகியாகத்தான் சொல்கிறேன். 1943ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும், கலைமகள் என்ற ஒரே இதழில் அவருடைய 'காஞ்சனை', 'செல்லம்மாள்', 'சாப விமோசனம்', 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' ஆகிய நான்கும் வெளிவந்தன. முதலாவது பேய்க்கதை. இரண்டாவது, சென்னையில் ஜவுளிக் கடையில் வேலை பார்ப்பவர் நோயாளி மனைவியைப் பேணும் கதை. மூன்றாவதில், சீதையைத் தீக்குளிக்கச் சொன்னவன் இராமன் என்று கேட்டதும் அகலிகை மீண்டும் கல்லாகிறாள். நான்காவதில் கடவுள் சென்னைக்கு வந்து ஒரு வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாவாக இருபத்தைந்து ரூபாய் கட்டுகிறார். இன்றைய கணக்கில் நான்கும் நான்கு அடுக்கில் போய்ச் சேர வேண்டியவை. ஆனால் 'காஞ்சனை'யையும் 'செல்லம்மா'ளையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். இரண்டிலும் இரவில் ஒரு கணவன் விழித்திருக்கிறான், அருகில் மனைவி படுத்திருக்கிறாள், அவளைத் தன்னால் காக்க முடியுமா என்ற அச்சம் அவனைப் பிடித்திருக்கிறது. ஒன்றைப் படித்தவருக்கு மற்றது இன்னும் ஆழமாகப் புரிகிறது. பேய்க்கதை என்று முதலாவதைத் தனியே ஒதுக்கினால் இழப்பு இரண்டுக்குமே.

சுஜாதா அறிவியல் புனைகதைகளையும் துப்பறியும் கதைகளையும் எழுதியவர்தானே, அவருடைய ஸ்ரீரங்கத்துக் கதைகள் தனித் தொகுப்பாகத்தானே வந்தன என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. ஆனால் அந்தக் கதைகளைச் சேர்த்துக் கட்டியது ஊர், வகை அன்று. உங்கள் கதைகளைக் கட்டுவது எது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அது ஓர் ஊராக இருக்கலாம், ஒரு வீடாக இருக்கலாம், தீராத ஓர் ஐயமாகவும் இருக்கலாம்.

எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கச் சொல்லவில்லை. என் துப்பறியும் கதைகள் இரண்டில் ஒன்று, அந்த வகையில் எழுத முடியுமா என்று பார்ப்பதற்காக எழுதியது. காணாமல் போன பேரேட்டைத் தேடும் கதை. முடிச்சு நன்றாகவே விழுந்திருந்தது. ஆனால் அதில் எனக்கென்று ஒரு வலியும் இல்லை. 2021இல் இரண்டாம் பதிப்பை வேறொருவர் வெளியிட்டபோது, நீக்கிய ஐந்தில் அந்த ஒன்றைத் தவிர மற்ற நான்கையும் சேர்த்தேன். அவசரமாக எழுதிய மூன்றையும் எடுத்துவிட்டேன். வகைக்குரிய உடுப்பை உருவிப் பார்த்தால் உள்ளே ஆள் இல்லாத கதை எதுவோ, அதை நீக்குங்கள். குடும்பக் கதைகளிலும் அப்படிப்பட்டவை இருக்கும்; அவற்றை யாரும் நீக்கச் சொல்வதில்லை என்பதுதான் என் மனக்குறை.

அடுக்குவதில் நான் கற்றது இது. 'குடும்பம்', 'திகில்' என்று பகுதி பிரிக்கவே கூடாது. திகில் என்று தலைப்பிட்ட பக்கத்தைத் திருப்பியவுடன் வாசகர் பேயை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார். ஒவ்வொரு கதையின் கடைசிப் பத்தியையும் அடுத்த கதையின் முதல் பத்தியையும் சேர்த்து உரக்க வாசித்துப் பார்த்தேன். காதுக்கு இடறிய இடங்களில் வரிசையை மாற்றினேன். அத்தை கதை இரண்டாவதாகவே இருந்தது. அதற்கு விடை சொல்லும் பேய்க்கதையைப் பக்கத்திலேயே வைக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு பத்தாவதாக வைத்தேன். விடை உடனே கிடைத்தால் அந்தக் கேள்வி வாசகரிடம் தங்குவதில்லை. அறிவியல் புனைகதையை இறுதியில் வைத்தேன். பின்னட்டையில், இதில் பேயும் உண்டு, மாமியாரும் உண்டு, எந்திரமும் உண்டு என்று வெளிப்படையாக எழுதச் சொன்னேன். மறைத்து விற்றால்தான் வாசகருக்கு ஏமாற்றம்.

பதிப்பாளரின் அச்சம் முற்றிலும் பொய்யன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் பதிப்பை இணையத்தில் விற்கப் பதிவு செய்தபோது படிவத்தில் ஒரே ஒரு வகையைத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது. எங்களுக்குத் தெரியாமல் யாரோ அதைத் திகில் என்று குறித்துவிட்டார்கள். பேயை நாடி வந்த ஒருவர், மாமியார் மருமகள் சண்டையைத் திகில் என்று விற்கிறார்கள் என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் கொடுத்தார். அவர்மீது எனக்குச் சினம் இல்லை. தமிழ்ச் சிறுகதைக்கு 'சிறுகதைகள்' என்ற பொது வகையே போதும் என்பதை அந்தப் படிவத்தை வகுத்தவர்களிடம் இரண்டு முறை எழுதிக் கேட்டும் பதில் வரவில்லை என்பதில்தான் வருத்தம். நீங்கள் பதிவு செய்யும்போது அந்தக் கட்டத்தை நீங்களே நிரப்புங்கள்.

உங்கள் பதிப்பாளரிடம் ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அவர் நீக்கச் சொல்லும் மூன்று கதைகளையும் தனியாக வைத்துப் படிக்காமல், ஒவ்வொன்றோடும் அதற்கு உறவான ஒரு குடும்பக் கதையை இணைத்து ஒரே அமர்வில் படிக்கச் சொல்லுங்கள். எந்தக் கதைக்கு எது உறவு என்பதை நீங்கள்தான் குறித்துக் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு துணை எந்தக் கதைக்குக் கிடைக்கவில்லையோ, அதைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்கலாம். மற்றவற்றுக்கு அவர் இணங்காவிட்டால் கைப்பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு இடம் தேடுங்கள். பக்கம் போதவில்லை என்று புதிதாக எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள்.